சினைக் காலம்: கல்லணையிலிருந்து கோடியக்கரை வரை

ஞாயிறு, கல்லணை

காவிரிப் படுகையைக் கோயிலுக்காகச் சுற்றுகிறவர்கள் உண்டு, சாப்பாட்டுக்காகச் சுற்றுகிறவர்களும் உண்டு. நான் வந்திருப்பது மீனுக்காக. மண்ணுக்குச் சொந்தமான இனமும் வெளியிலிருந்து கொண்டுவந்து விட்ட இனமும் ஒரே தண்ணீரில் சினைக் காலத்தைச் சந்தித்தால் என்ன நடக்கும்? நார்வே, சுவீடன் கடலில் அமெரிக்கச் சிங்கி இறால் (லாப்ஸ்டர்) புகுந்த கதையைப் பல வருடங்களாக வகுப்பில் சொல்லிவருகிறேன். அதே கேள்வியோடு நம் ஆற்றைத் தலையிலிருந்து வால் வரை ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்று தோன்றிக்கொண்டே இருந்தது. கூட வருவது மாமா. பொதுப்பணித் துறையில் லஸ்கராக, அதாவது மதகுகளைப் பார்த்துக்கொள்ளும் ஊழியராக இருந்து ஓய்வு பெற்றவர். எந்த மதகு எந்த வாய்க்காலுக்குப் போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார்.

கல்லணைக்குக் கீழே மீன் பொரிக்கும் கடைகளில் தட்டு நிறைய கட்லாவும் ரோகுவும். கடைக்கார அக்காவிடம் ஆற்று மீனா என்று கேட்டேன். "ஆத்து மீன்தாம்மா, காவேரி மீன்" என்றார். காவிரியில் பிடித்ததாக இருக்கலாம். ஆனால் கட்லா, ரோகு, மிருகால் மூன்றும் கங்கைச் சமவெளியின் மீன்கள். 1957இல் ஒடிசாவில் ஹிராலால் சௌத்ரி, மீனின் பிட்யூட்டரிச் சுரப்பிச் சாற்றை ஊசியாகப் போட்டு கெண்டைகளை முட்டையிட வைத்தார். அதற்குப் பிறகு குஞ்சுகள் தடையில்லாமல் கிடைத்தன, நாடு முழுக்க ஏரி குளங்களில் விட்டார்கள். காவிரிக்கே உரிய கருமுழிக் கெண்டை இன்று எந்தத் தட்டிலும் இல்லை. மாமா சின்ன வயதில் சாப்பிட்டிருக்கிறார்.

கெண்டைகள் சேரும் விதத்தைச் சொல்லிவிடுகிறேன், வரப்போகும் நாட்களுக்கு அது வேண்டும். புது வெள்ளம் வந்ததும் கரையோர ஆழமில்லாத இடத்துக்கு ஏறுகின்றன. பெண் முட்டையைத் தண்ணீரில் விடுகிறது, ஆண் அதன் மேலேயே விந்தை விடுகிறது. உடலுக்கு வெளியே, ஓடும் தண்ணீரில் கருவாகிறது. இப்படிச் சேரும் இனங்களுக்கு இடமும் நேரமும்தான் பெரிய தடை. மீன் குஞ்சு பொரிப்பகத்தில் அந்த இரண்டையும் நாம் எடுத்துவிடுகிறோம். கட்லாவும் ரோகுவும் அங்கே கலந்து, இனம் பெருக்கும் தகுதியுள்ள கலப்பினமே பிறக்கிறது. ரோகுவும் கருமுழியும் ஒரே பேரினம். ஒன்று கங்கையிலும் இன்னொன்று காவிரியிலும் வளர்ந்தவை. நடுவில் இருந்த தூரத்தை லாரியில் ஏற்றி இல்லாமல் ஆக்கியது நாம்தான்.

திங்கள், கும்பகோணம்

வழி நெடுக அறுவடை. சம்பா முடிந்த வயல்களில் அறுப்பு இயந்திரம் நின்றிருந்தது, சாலையின் ஒரு பாதியில் நெல் காய்ந்தது.

மகாமகக் குளத்தின் படியில் உட்கார்ந்திருந்தபோது பொரி வாங்கிப் போட்ட பிள்ளைகளைச் சுற்றி ஜிலேபிக் கெண்டை மொய்த்தது. 1952இல் இலங்கை வழியாக இந்தியாவுக்கு வந்த மொசாம்பிக் திலாப்பியாதான் இது. ஊர்ப் பேர் வைத்து, ஊர்க் குழம்பில் போட்டு, நாமே நம் மீனாக்கிக்கொண்டோம்.

ஜிலேபியின் ஆண் தரையில் வட்டமாகக் குழி தோண்டி, உடம்பு கறுத்து, குழிக்கு மேல் காவல் நிற்கும். பெண் வந்து முட்டையிட்டு உடனே வாயில் அள்ளிக்கொள்ளும். குஞ்சு பொரித்து நீந்தும்வரை வாய்தான் கூடு. அதுவரை தாய்க்குத் தீனி இல்லை. நம் கரிமீனும் இதே குடும்பம்தான். ஆனால் அது ஜோடியாக வாழும். கல்லிலோ கட்டையிலோ முட்டையை ஒட்டி வைத்து அப்பனும் ஆத்தாளும் மாறி மாறிக் காக்கும். இந்த இரண்டும் கலப்பதில்லை, கலக்கவும் முடியாது. ஜிலேபி கரிமீனுக்குச் செய்யும் கெடுதல் இடத்தைப் பிடிப்பதும் தீனியைப் பங்கு போடுவதும்தான்.

கலப்பு நடப்பது ஜிலேபிக்கும் இன்னொரு திலாப்பியாவுக்கும் இடையில். நைல் திலாப்பியா வடக்கு ஆப்பிரிக்கப் பக்கத்து மீன், மொசாம்பிக் தென்கிழக்கு ஆறுகளின் மீன். தனித்தனி நதிகளில் வளர்ந்தவை. மனிதன் நைல் திலாப்பியாவைக் கொண்டுபோய் லிம்போப்போ ஆற்றில் சேர்த்ததும் இரண்டும் தடையில்லாமல் கலந்தன. தன் சொந்த ஆற்றிலேயே மொசாம்பிக் மீனின் தூய வம்சம் இன்று ஆபத்தில் இருக்கிறது. உலகமெங்கும் போய்ப் பெருகிய மீனுக்குப் பிறந்த வீட்டில் இந்த நிலை என்பதை நினைத்தால் எனக்கு மனசு கனக்கிறது.

படியில் ஒரு குடும்பம் பிளாஸ்டிக் பையில் கொண்டுவந்த மீன்களைத் தண்ணீரில் விட்டுக் கும்பிட்டுப் போனது. வேண்டுதல். வீட்டுத் தொட்டியில் வளர்த்த மீன் போலத் தெரிந்தது. உயிருக்கு விடுதலை கொடுப்பது புண்ணியம் என்ற எண்ணத்தை நான் மதிக்கிறேன். இதே எண்ணத்தில்தான் 2015இல் இங்கிலாந்தின் பிரைட்டன் கடலில் பௌத்த பக்தர்கள் சிலர், கடையில் விலைக்கு வாங்கிய அமெரிக்கச் சிங்கி இறால்களை நூற்றுக்கணக்கில் விட்டார்கள். பிறகு அரசு மீனவர்களுக்குப் பணம் கொடுத்து அவற்றைத் திரும்பப் பிடிக்கச் சொல்ல வேண்டி வந்தது. விட்டவர்களுக்கு நீதிமன்றம் அபராதம் போட்டது. அந்தக் குடும்பத்திடம் போய் இதைச் சொல்லலாமா என்று எழுந்தேன். மாமா கையைப் பிடித்து, "சாமி கும்புடுற எடத்துல வேணாம் பாப்பா, கடைத்தெருவுல பாத்தா சொல்லு" என்றார். கடைத்தெருவில் பார்த்தோம், சொன்னேன். அந்த அம்மா பொறுமையாகக் கேட்டார், அடுத்த முறை பொரி மட்டும் போடுவதாகச் சொன்னார்.

செவ்வாய், அணைக்கரை

கீழணை. 1836இல் ஆர்தர் காட்டன் கட்டியது. பாலத்துக்குப் பக்கத்தில் மீன் கூறுகட்டி விற்கிறார்கள். ஆற்று இறால் இருந்தது, நீளமான நீலக் கொடுக்கோடு.

ஆற்று இறாலுக்கு வாழ்க்கை நன்னீரில், குஞ்சுகளுக்கோ உப்புக் கலந்த முகத்துவாரத் தண்ணீர் வேண்டும். சினையோடு பெண்கள் கொள்ளிடத்தில் கீழ்நோக்கிப் போகும், குஞ்சுகள் வளர்ந்து மேல்நோக்கி ஏறும். நடுவில் அணை. ஷட்டர் திறந்திருக்கும் காலத்தில் குஞ்சு இறால்கள் சுவரில் ஏறப் பார்ப்பதை மாமா பார்த்திருக்கிறார்.

சேரும் விதம் கெண்டை மாதிரி இல்லை. பெண் தோல் உரித்து மென்மையாக இருக்கும் சில மணி நேரத்தில்தான் சேர்க்கை. வலுத்த ஆண் அவளைத் தன் நீண்ட கொடுக்குகளுக்கு நடுவில் வைத்துக் காத்து நிற்கும். விந்துப் பொதியை அவள் நெஞ்சில் ஒட்டும். ஒரு நாளுக்குள் அவள் முட்டையிட்டு வயிற்றுக்கடியில் சுமக்கத் தொடங்குவாள். உடலும் உடலும் நெருங்கி, ஒருவரை ஒருவர் அறிந்து சேரும் இனங்களில் கலப்பு அவ்வளவு எளிதில்லை. இங்கே வாழும் இரண்டு பெரிய ஆற்று இறால் இனங்களை ஆய்வகத்தில் கலக்க, விந்துப் பொதியை மனிதர்கள் கையால் எடுத்து ஒட்ட வேண்டியிருந்தது.

ஒரு கூடையில் ஆப்பிரிக்கக் கெளுத்தி. வளர்க்கத் தடை உள்ள மீன். கேட்டால் யாரும் அந்தப் பேரைச் சொல்வதில்லை. தாய்லாந்தில் இதை உள்ளூர் இனத்தோடு கலந்து பெருமளவில் வளர்த்தார்கள். கலப்பு மீன் ஆற்றுக்குத் தப்பி, உள்ளூர்க் கெளுத்திகளின் மரபணுவில் ஆப்பிரிக்கச் சாயல் ஏறிவிட்டதை ஆய்வாளர்கள் கண்டார்கள்.

புதன், சீர்காழி

கடல் பக்கம் போகப் போக வயல் முடிந்து இறால் குட்டைகள். ஏரேட்டர் துடுப்புகள் வெள்ளை நுரை அடித்துக்கொண்டிருந்தன. ஒரு பண்ணையில் உள்ளே போகுமுன் காலைக் கிருமிநாசினித் தண்ணீரில் நனைக்கச் சொன்னார்கள். நல்ல பழக்கம்.

1990களின் தொடக்கத்தில் இந்தக் கரை முழுக்க டைகர் இறால். 1994, 95இல் வெள்ளைப்புள்ளி நோய் வந்து குட்டை குட்டையாகச் செத்தது. நாகப்பட்டினத்து நிலமும் குடிநீரும் உப்பாவதை எதிர்த்து எஸ். ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பரில் கடலோர இறால் பண்ணைகளுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. பிறகு 2005இல் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்புக்கென்று ஆணையச் சட்டம், 2009இல் வனாமி என்ற இறாலுக்கு அனுமதி. வனாமி அமெரிக்கக் கண்டத்தின் பசிபிக் கரையைச் சேர்ந்தது. தாய் இறால்கள் விமானத்தில் சென்னை வந்து, நீலாங்கரையில் தனிமைப்படுத்திச் சோதித்த பிறகே பொரிப்பகங்களுக்குப் போகின்றன. அந்த நிலையத்தை நடத்தும் ராஜீவ் காந்தி நீர்வாழ் உயிரின வளர்ப்பு மையத்தின் தலைமையகம் இதே சீர்காழியில்தான்.

"தப்பிச்சுப் போனா நம்ம டைகரோட சேந்துடுமாக்கா?" என்று பண்ணையில் வேலை செய்யும் தம்பி கேட்டான். இவ்வளவு நேராக யாரும் கேட்டதில்லை. விளக்கமாகச் சொன்னேன்.

டைகர் பெண் தோல் உரித்த இரவில்தான் சேரும். ஓடு மென்மையாக இருக்கும்போது ஆண் அடியில் நீந்தி, குறுக்காகத் திரும்பி, அவளைச் சுற்றி வளைந்து விந்துப் பொதியை அவள் நெஞ்சில் உள்ள மூடிய பைக்குள் செருகும். ஓடு இறுகியதும் பை பூட்டிக்கொள்ளும். முட்டை விடும் நாள் வரை விந்து உள்ளே பத்திரம். வனாமிக்கு அந்தப் பை இல்லை. பெண்ணின் ஓடு கெட்டியாக இருக்கும்போது, பொழுது சாயும் நேரத்தில் ஆண் விரட்டிப் போய் விந்துப் பொதியை வெளிப்புறத்தில் ஒட்டுகிறது. சில மணி நேரத்தில் அவள் முட்டை விட்டுவிடுவாள். பூட்டும் வேறு, சாவியும் வேறு, கதவைத் தட்டும் நேரமும் வேறு. வனாமி டைகரோடு கலந்துவிடும் என்ற பயம் வேண்டாம். நோயைக் கொண்டுவரும் என்ற பயம் கட்டாயம் வேண்டும்.

அவன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்ப அந்தத் தாய் எறாவுக்குக் கண்ணு வெட்டுறது எதுக்குக்கா?" என்றான். முட்டை முதிர்வதைத் தடுக்கும் ஹார்மோன் கண்காம்பில் சுரக்கிறது, அதனால் பொரிப்பகத்தில் ஒரு பக்கக் கண்காம்பை நீக்குகிறார்கள். எனக்கு இது ஒப்பாத காரியம், அவனிடமும் அப்படியே சொன்னேன்.

வியாழன், தரங்கம்பாடி

விடியும் முன்பே கடற்கரைக்கு வந்துவிட்டோம். ஃபைபர் போட்டுகள் கரையேற, கோட்டைச் சுவரில் வெளிச்சம் விழும் முன் ஏலம் தொடங்கிவிட்டது. 1620இல் தஞ்சை ரகுநாத நாயக்கரோடு ஒப்பந்தம் போட்டு டேனிஷ்காரர்கள் கட்டிய கோட்டை. அந்தக் கப்பல்கள் கிளம்பிய டென்மார்க், அப்போது அதே அரசின் கீழிருந்த நார்வே, இரண்டின் கரைகளிலும் ஐரோப்பியச் சிங்கி இறால் வாழ்கிறது. நம் டைகர் இறாலுக்கு 1798இல் அறிவியல் பெயர் வைத்ததும் ஒரு டேனிஷ்காரர், ஃபாப்ரிசியஸ். அந்தக் கதையைச் சொல்ல இதைவிடப் பொருத்தமான கரை எனக்குக் கிடைக்காது.

முதலில் நம் சிங்கி. ஒரு பெரியவர் வலையிலிருந்து கழற்றிக்கொண்டிருந்தார். நம் கடல் சிங்கிக்குப் பெரிய கொடுக்கு கிடையாது, முள் நிறைந்த நீண்ட மீசைதான் ஆயுதம். கையில் எடுத்தால் மீசையின் அடியை உரசிக் கறகறவென்று சத்தம் போடும். ஒரு பெண்ணைத் திருப்பிக் காட்டச் சொன்னேன். நெஞ்சில் கறுத்த திட்டு.

"இது என்னன்னு தெரியுமாய்யா?"

"சேந்திருக்குன்னு அர்த்தம். இன்னும் முட்டை எறங்கலை" என்றார்.

அவ்வளவும் சரி. ஆண் நெஞ்சோடு நெஞ்சு பொருந்தி விந்துப் பசையை அப்பிவிட்டுப் போகும். அது இறுகிக் கறுக்கும். முட்டை இறங்கும்போது பெண் தன் கடைசிக் காலின் நுனியில் உள்ள சின்னக் கிடுக்கியால் அந்தத் திட்டைச் சுரண்டி விந்தை விடுவித்துக்கொள்கிறாள். ஓடு கெட்டியாக இருக்கும்போதே நடக்கும் காரியம் இது.

நார்வே கரையின் சிங்கி இறாலுக்கோ இரண்டு பெரிய கொடுக்குகள். அதற்கும் அட்லாண்டிக்கின் அந்தப் பக்கம் வாழும் அமெரிக்கச் சிங்கி இறாலுக்கும் உருவத்தில் வேற்றுமை குறைவு. ஐரோப்பியது கருநீலம், மற்றது பச்சை கலந்த பழுப்பு. நெற்றிக் கூர்முள்ளின் அடியில் ஒரு சின்ன முள் இருந்தால் அமெரிக்கா என்பார்கள்.

அமெரிக்க இனத்தின் காதலை ஆய்வாளர்கள் தொட்டிகளில் வைத்து நுணுக்கமாகப் பார்த்திருக்கிறார்கள். வட்டாரத்தில் சண்டையில் ஜெயித்த ஆணின் பொந்துக்குப் பெண் தானாக வருகிறாள். வாசலில் நின்று சிறுநீரை முகத்துக்கு முன்னால் பீய்ச்சுகிறாள். அந்த மணம்தான் அவளுடைய பேச்சு. ஆண் உள்ளிருந்து வயிற்றடித் துடுப்புகளை விசிறித் தண்ணீரை ஓட்டுகிறான். சில நாள் வந்து போன பிறகு உள்ளே தங்குகிறாள். அங்கேயே ஓட்டை உரிக்கிறாள். எலும்பில்லாத சதையாக, எதிரி யார் வந்தாலும் செத்துப்போகும் நிலையில், ஒரு முரட்டு ஆணின் எதிரில் கிடக்கிறாள். அவன் அவளைத் தின்றுவிடுவதில்லை. கால்களால் மெல்லத் திருப்பி, வயிற்றடியின் முதல் ஜோடிக் காம்புகளால் விந்தை அவளுடைய பைக்குள் சேர்க்கிறான். ஓடு இறுகும்வரை சில நாள் கூடவே இருக்கிறான். பிறகு அவள் போய்விடுகிறாள். விந்து பல மாதம் உள்ளே காத்திருக்கும். முட்டை இறங்கிய பின் கிட்டத்தட்ட ஒரு வருடம் வாலுக்கடியில் சுமக்கிறாள்.

இத்தனை கட்டம், இத்தனை மணம், இத்தனை நாள் பழக்கம் இருக்கும்போது வேறு இனத்து ஆண் எப்படி உள்ளே வர முடியும்? அப்படித்தான் நானும் படிக்கிற காலத்தில் நினைத்தேன். 1999இல் நார்வே கடலில் முதல் அமெரிக்கச் சிங்கி இறால் அடையாளம் காணப்பட்டது. உணவுக்காக உயிரோடு இறக்குமதி செய்தவற்றில் தப்பியவை, விடப்பட்டவை. சிலவற்றின் கொடுக்கில் கடை ரப்பர் வளையம் அப்படியே இருந்தது. சுவீடனில் நிலத்துக்குள் நீளும் குறுகிய கடல் நுழைவான குல்மாரில் 2014இல் நிறையப் பிடிபட்டன. சினையோடு பிடிபட்ட அமெரிக்கப் பெண்கள் சிலரின் முட்டைகளை மரபணுச் சோதனைக்கு அனுப்பினால், அப்பன் ஐரோப்பிய ஆண்.

ஏன் தடுக்க முடியவில்லை என்பதற்கு என் பதில் இந்தத் தரங்கம்பாடி ஏலத்தரையிலேயே கிடந்தது. பெரியவரின் கூடையில் இரண்டு வகைச் சிங்கி இருந்தன. நம் கரையில் பல சிங்கி இனங்கள் ஒரே கடலில், சில இடங்களில் ஒரே பாரில் (கடலடிப் பாறைத் திட்டில்) வாழ்கின்றன. காலம் காலமாகப் பக்கத்திலேயே வாழ்ந்தும் அவை ஒன்றோடொன்று கலந்து குழம்பிப்போகவில்லை. சேர்ந்து வாழும் இனங்களில் தவறான சேர்க்கை வீணாகும். வீணாக்காதவற்றின் பிள்ளைகளே மிஞ்சும். அப்படியே தலைமுறை தலைமுறையாகத் தடைகள் உறுதிப்படும். ஐரோப்பிய, அமெரிக்கச் சிங்கி இறால்களுக்கு அப்படிப்பட்ட தடையே தேவைப்படவில்லை. நடுவில் ஒரு பெருங்கடல் இருந்தது. இரண்டும் ஒரே மாதிரிப் பொந்து, ஒரே மாதிரிச் சடங்கு என்று தனித்தனியே வாழ்ந்தன. கடலைத் தாண்டித் தூக்கிக்கொண்டு போனபோது அவற்றுக்கு இருந்த ஒரே தடையை நாம் எடுத்துவிட்டோம். லிம்போப்போவில் திலாப்பியாவுக்கு நடந்ததும் இதுவே.

கலப்புக் குஞ்சு பிழைக்கிறதா என்பது ஒரு பக்கம். பிழைக்காவிட்டாலும் நட்டம்தான். ஒரு பெண் ஒரு வருடம் சுமக்கும் முட்டை அத்தனையும் அவள் இனத்துக்குக் கணக்கில் வராது. நார்வேயில் ஐரோப்பிய இனம் ஏற்கெனவே மிகவும் குறைந்துபோன ஒன்று. அமெரிக்க இனம் சுமந்துவரும் காஃப்கீமியா என்ற ரத்த நோய் ஐரோப்பிய இனத்தைச் சீக்கிரம் கொல்லும். சுவீடன் இதையெல்லாம் எழுதி, உயிருள்ள அமெரிக்கச் சிங்கி இறாலை ஐரோப்பிய ஒன்றியம் முழுக்கத் தடை செய்யக் கேட்டது. அமெரிக்காவும் கனடாவும் வணிகம் கெடும் என்று எதிர்த்தன. 2016இல் கோரிக்கை நின்றுபோனது. அது தவறான முடிவு என்பது என் உறுதியான கருத்து.

பெரியவர் எல்லாம் கேட்டுவிட்டு அந்தக் கறுத்த திட்டுப் பெண்ணை எடை பார்த்தார். ஏற்றுமதிக்கு இந்த வகைச் சிங்கி குறைந்தது 200 கிராம் இருக்க வேண்டும் என்பது 2003 விதி. இது எடை தேறவில்லை. ஈரச் சாக்கில் சுற்றித் தன் மகனிடம் கொடுத்து, "போட்டுல எடுத்துட்டுப் போயி பாருக்கிட்ட விடு" என்றார்.

வெள்ளி, நாகப்பட்டினம்

மழை. அறையை விட்டு வெளியே போகவில்லை. மாமாவுக்குக் கால் வலி.

சனி, கோடியக்கரை

வேதாரண்யத்து உப்பளங்களைத் தாண்டி வந்தால் பருவ மீன்பிடிக்கு வந்தவர்களின் கொட்டகைகள். சதுப்பில் பூநாரைகள் நின்றன. நான் பார்க்க வந்தது வெள்ளை இறால்.

வலை பிரித்துக்கொண்டிருந்த அண்ணனிடம் நார்வேக் கதையைச் சுருக்கமாகச் சொன்னேன். அங்கே சந்தேகமான சிங்கி இறால் கிடைத்தால் திரும்பக் கடலில் போடாமல் கொண்டுவந்து கொடுக்கச் சொல்லி மீனவர்களிடம் கேட்கிறார்கள், பெர்கனில் உள்ள கடல் ஆராய்ச்சி நிறுவனம் மரபணு பார்க்கிறது என்றதும் அவர் வேலையை நிறுத்தினார்.

"மழையில குட்டைக் கரை ஒடைஞ்சா வனாமி வாய்க்கால் வழியா கடலுக்கு வந்துரும் தங்கச்சி. வெள்ளை எறாவோட எறாவா வலையில கெடந்தா எங்களுக்கு எப்படித் தெரியும்? ரெண்டும் வெள்ளையாத்தான இருக்கு?"

தெரிந்துகொள்ள வழி இருக்கிறது. குவியலிலிருந்து பெரிய பெண் இறால் ஒன்றை எடுத்து மல்லாத்தினேன். கடைசி இரண்டு ஜோடி நடைக்கால்களுக்கு நடுவில், நெஞ்சில், இரண்டு தகடுகள் மூடி நிற்கின்றன. நம் வெள்ளை இறாலுக்கும் டைகர் மாதிரியே மூடிய பை. வனாமிப் பெண்ணுக்கு அந்த இடம் தகடில்லாமல் திறந்திருக்கும். நிறத்தையும் மீசையையும் நம்ப வேண்டாம், சேர்க்கைக்காக அமைந்த அந்த இடத்தைப் பார்த்தால் போதும்.

அவர் மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினார். அக்கா ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்க்க ஆரம்பித்தார். குவியலில் எல்லாமே நம்முடையவை.

"வேற மாதிரி ஒண்ணு கெடைச்சா யாருகிட்ட குடுக்குறது?"

நாகப்பட்டினத்தில் மீன்வளப் பல்கலைக்கழகம் இருக்கிறது, மீன்வளத் துறை அலுவலகமும் இருக்கிறது. ஐஸில் வைத்து, எங்கே, எத்தனை பாகம் ஆழத்தில், எந்தத் தேதியில் கிடைத்தது என்று எழுதிக் கொடுக்கச் சொன்னேன். அண்ணனுக்கு எழுத வராது, மகள் ஒன்பதாம் வகுப்பு. அவள் நோட்டில் இரண்டு படமும் வரைந்து கொடுத்தேன், தகடு உள்ளது ஒன்று, இல்லாதது ஒன்று. சிங்கி இறாலின் நெற்றி முள்ளையும் வரையச் சொல்லி அவள் கேட்டாள். அதையும் வரைந்தேன்.